டான்சில் ஆபரேஷனுக்கு அப்புறம் வாய் திறக்கலை, காதோரம் ‘டக்’குனு சத்தம்: டிஸ்சார்ஜ் சீட்டில் தாடைக்கு என்ன எழுதலாம்?

திருப்பூர்_சிஸ்டர்

வணக்கமுங்க. காது மூக்கு தொண்டை வார்டில் கொடுக்கிற டிஸ்சார்ஜ் சீட்டைத் தமிழில் புதுசா எழுதிட்டு இருக்கோம். ரத்தம் வந்தா என்ன செய்யணும், காய்ச்சல், சாப்பாடு, மருந்து எல்லாம் இருக்கு. தாடையைப் பத்தி ஒரு வரி இல்லை. ஆனா ரிவ்யூவுக்கு வர்றவங்க சொல்றது இப்படி இருக்கு: “தவடை புடிச்சுக்கிச்சு”, “கொட்டாவி விட்டா காதுக்கிட்ட வெட்டுது”, “வாய் ஒரு பக்கமாக் கோணித் தொறக்குது”, “கடைவாய்ப் பல்லு சேர மாட்டேங்குது”.

இதில எது தானா சரியாகும், எதுக்கு அன்னைக்கே ஓடி வரணும், எத்தனை நாள் பொறுக்கலாம்? “வலித்தால் மருத்துவரை அணுகவும்”னு எழுதறதுக்குச் சீட்டே வேண்டாம். அளவு, நாள், செய்முறை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெருந்துறை_ஓ.டி.

தியேட்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு மொதல்ல தெரிஞ்சாத்தான் மத்தது புரியுமுங்க. தோளுக்கடியில மணல் மூட்டையோ ரோலோ வச்சு, கழுத்தைப் பின்னால சாய்ச்சு, தலைக்கு வளையம் குடுத்துப் படுக்க வைப்பாங்க. இதுதான் ரோஸ் பொசிஷன். வாயில பாயில்-டேவிஸ் கேக் (gag), வாயைத் திறந்து நிறுத்தற கருவி. சட்டம் மேல்பல்லில் மாட்டும், நாக்குத் தகடு நாக்கை அமுக்கும். பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாத் தள்ளினா வாய் திறந்துக்கிட்டே போகும். அப்புறம் ட்ராஃபின் கம்பிகள் ரெண்டையும் நெஞ்சுப் பக்கம் பலகையில ஊனி, சட்டத்தைத் தூக்கி நிறுத்திருவாங்க. அரை மணியோ முக்கால் மணியோ தாடை அப்படியே நிக்கும்.

முழிச்சிருக்கிற ஆள் வாயை எல்லை மீறித் திறக்க முடியாது, தசை இழுத்துப் புடிக்கும். தசை தளர்த்தும் ஊசி போட்டாச்சுன்னா அந்தக் காவல் கிடையாது. இன்னும் ரெண்டு பல் தள்ளினாலும் தாடை ‘சரி’ன்னு போகும். மூட்டுக்குள்ள இருக்கிற வட்டும், அதுக்குப் பின்னால இருக்கிற மெத்தைத் திசுவும் இழுபடறது அப்பத்தான்.

கேக்கை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. மூச்சு விடறதுக்கான குழாய் போடறப்ப லாரிங்கோஸ்கோப் கருவியால நாக்கைத் தூக்கறது, மயக்கம் தெளியறப்ப மூச்சு அடைக்காம இருக்கத் தாடைக் கோணத்தைப் புடிச்சு முன்னால தள்ளறது, ரெண்டுமே மூட்டை முன்னால நகர்த்தற வேலைதான். ரெக்கவரியில ஆள் அரைத் தூக்கத்துல இருக்கிறதால மூட்டு இறங்கியிருந்தாலும் வாயத் தொறந்துட்டுத் தூங்கறாருன்னு விட்டுருவாங்க. கேக் எடுத்த உடனே வாயை மூடிப் பார்க்கணும், பல் ரெண்டு பக்கமும் சேருதான்னு. பத்து செகண்ட் வேலை.

முன்னாடியே ரெண்டு கேள்வி கேட்டு எழுதி வச்சா நல்லது: தாடை எப்பவாவது பூட்டிக்கிட்டது உண்டா, கொட்டாவி விட்டா சத்தம் வருமா. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வாய் எத்தனை மி.மீ. திறந்துச்சுன்னும் குறிச்சு வைங்க. அது இல்லாம பின்னால அளந்து என்ன பிரயோசனமுங்க?

பவானி_தாடைச்சீர்

கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடலாம். முன் அளவு இல்லாமல் பின் அளவுக்குப் பொருள் இல்லை.

பெரியவர்களுக்கு இயல்பான வாய்த்திறப்பு பொதுவாக 40 முதல் 50 மி.மீ. மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்பு வரை அளக்க வேண்டும். 35 மி.மீ.க்குக் கீழே போனால் குறைவு. முதல் 20–25 மி.மீ. வரை தாடைக் குமிழ் (மூட்டில் பொருந்தும் கீழ்த்தாடை எலும்பின் உருண்டை முனை) கதவுக் கீல் மாதிரி நின்ற இடத்தில் சுழலும். அதற்கு மேல் குமிழும் வட்டும் சேர்ந்து முன்னால் உள்ள மேட்டின் மீது வழுக்கும். ஆகவே எந்த அளவில் நிற்கிறது என்பதே ஒரு துப்பு. 25–30 மி.மீ.யில் கெட்டியாக முட்டி நிற்கிறது என்றால், சுழற்சி இருக்கிறது, வழுக்கல் இல்லை. வட்டு முன்னால் நழுவி வழியை அடைத்திருக்கக் கூடும்.

தசையா மூட்டா என்று பார்க்க ஒரு எளிய வழி. தானாகத் திறக்கச் சொல்லி அளந்த பிறகு, விரலால் மெதுவாக இன்னும் கொஞ்சம் திறக்க உதவிப் பாருங்கள். ரப்பர் மாதிரி இளகி, வலித்தாலும் 5 மி.மீ. கூடினால் பெரும்பாலும் தசை. சுவரில் முட்டியது போல நின்றால் மூட்டு. அடுத்து, தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லுங்கள். தசைப்பிடிப்பில் பக்க அசைவு ஓரளவு மிஞ்சியிருக்கும். ஒரு பக்க வட்டு அடைத்திருந்தால், எதிர்ப்பக்கமாக நகர்வது குறையும். வாய் திறக்கும்போது மோவாய் பழுதான பக்கம் கோணும், நடுவுக்குத் திரும்பாது. கோணி, ‘டக்’ சத்தத்தோடு நடுவுக்கு வந்துவிட்டால் வட்டு நழுவி மறுபடி ஏறுகிறது என்று அர்த்தம். வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

சிஸ்டர் சொன்ன “கடைவாய்ப் பல் சேரவில்லை” முக்கியம். மூட்டுக்குள் நீரோ ரத்தமோ கோத்தால் குமிழ் கீழே தள்ளப்பட்டு, அந்தப் பக்கத்துக் கடைவாய் மட்டும் இடைவெளி விடும். சில நாளில் வற்றினால் தானாகச் சேரும். பல்லைத் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். தேய்த்த பல் திரும்ப வளராது.

கோவை_கா.மூ.தொ.

மூட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். முதல் பத்து நாளில் வாய் திறக்காததற்கு வழக்கமான காரணம் மூட்டு அல்ல. டான்சில் இருந்த குழிக்கு வெளியே மெல்லிய தொண்டைச் சுவர்த் தசை ஒன்று, அதைத் தாண்டிக் கொஞ்ச இடம், அதற்கப்புறம் வாயை மூடும் தசைகளில் ஒன்றான மீடியல் டெரிகாய்டு தசை. குழியில் புண், வீக்கம். பக்கத்து வீட்டில் அடுப்பெரிந்தால் நம் சுவர் சுடாதா? அந்தத் தசை இறுகும், வாய் திறக்காது. குழிக்குள் மரத்துப்போகும் ஊசி ஆழமாக இறங்கியிருந்தால் தசைக்குள் ரத்தம் கட்டியும் இறுகலாம்.

காதுவலி இன்னொரு குழப்பம். டான்சில் குழிக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பு, ஒன்பதாம் மூளை நரம்பு. தொண்டைப் புண்ணை மூளை ‘காது’ என்று படிக்கிறது. தாடை மூட்டுக்கு ஐந்தாம் நரம்பின் கிளை. ஆகவே விழுங்கும்போது காது வெட்டினால் தொண்டை. மெல்லும்போது, கொட்டாவியில் வெட்டினால், காதுமடல் முன்னால் விரல் வைத்து அழுத்தினால் வலித்தால், மூட்டு அல்லது மெல்லும் தசை.

உங்கள் சீட்டில் முதலில் வரவேண்டியது இது: திறந்துகொண்டு வந்த வாய் மறுபடி குறைய ஆரம்பித்தால் அன்றே வர வேண்டும். கூடவே காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, வாய்க்குள் சுடுகஞ்சி வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல், கழுத்தின் ஒரு பக்கம் வீக்கம் இருந்தால் தொண்டைப் பக்கவாட்டில் சீழ் கட்டுகிறது. அவருக்குத் தாடைப் பயிற்சி சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தால் மூச்சு அடைத்துவிடும்.

குழந்தைகளில் இன்னொன்று. டான்சில், அடினாய்டு எடுத்த பிறகு கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து திருப்ப முடியாமல் நின்றால் கிரிசல் நோய்க்குறி என்று ஒன்று உண்டு, 1930இல் பெயர் வந்தது. முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையிலான நாண்கள் அழற்சியால் தளர்ந்து எலும்பு திரும்பி நிற்கும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். ‘சுளுக்கு’ என்று எண்ணெய் போட்டு வழிக்கக் கொண்டுபோனால் தண்டுவடமே நசுங்கலாம்.

நொய்யல்_பிசியோ

சார் சொல்ற வரிசை சரி, அதை ஒத்துக்கறேன். ஆனா “பத்து நாள் தசைதான், தானாப் போயிரும்”னு விடறதுலதான் சிக்கல். வலிக்குதுன்னு வாயே திறக்காம ரெண்டு மூணு வாரம் கட்டிக் காப்பாத்தினா, தசை அந்த நீளத்துக்கே பழகிக்கும். அப்புறம் புண் ஆறினாலும் தாடை ஆறாது.

கட்டங்களா சொல்றேன்.

முதல் ரெண்டு நாள்: ஐஸ்கட்டியைத் துண்டுல சுத்தி, காது முன்னாலயும் தாடைக் கோணத்துலயும் 10 நிமிஷம், பகல்ல அஞ்சாறு தடவை. ஐஸை நேரா தோலில் வைக்காதீங்க. தாடையைத் தளர்வா விடறதுக்கு ஒரு நிலை: உதடு மூடி, பல் ரெண்டும் ஒட்டாம, நாக்கு நுனி மேலண்ணத்துல. எந்த இடம்னு கேட்டா, ‘ன’ சொல்லிப் பாருங்க. நுனி படற அந்த இடம்தான். ‘ந’ பல்லில் படும், ‘ண’ ரொம்பப் பின்னால போயிடும். நம்ம எழுத்துல இதை விளக்கறது இவ்வளவு சுலபம். சீட்டுல அப்படியே எழுதிருங்க.

மூணாம் நாள்ல இருந்து ரெண்டாம் வாரக் கடைசி வரை: நாக்கை அந்த ‘ன’ இடத்தை விட்டு எடுக்காம வாயைத் திறக்கணும். நாக்கு ஒட்டியிருக்கிற வரைக்கும்தான் திறக்க முடியும், அதுக்கு மேல குமிழ் முன்னால வழுக்காது. பாதுகாப்பான பூட்டு அது. 6 தடவை, ஒரு நாளைக்கு 6 வேளை. கண்ணாடி முன்னால நின்னு மோவாய் நேராப் போகுதான்னு பார்த்துக்கணும். கொட்டாவி வந்தா அதே ‘ன’, இல்லைன்னா முஷ்டியை மோவாய்க்கு அடியில முட்டுக் கொடுக்கறது. இந்தக் கட்டத்துல இழுத்து நீட்டற பயிற்சி கூடாது.

15ஆம் நாளுக்கு மேல, குழி ஆறிடுச்சுன்னு டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு: கட்டைவிரல் மேல்பல்லில், ஆள்காட்டி விரல் கீழ்ப்பல்லில், கத்தரிக்கோல் மாதிரி மாத்திப் போட்டு மெதுவாப் பிரிக்கணும். 15லிருந்து 30 செகண்ட் புடிச்சு விடணும், 5 தடவை, நாளைக்கு 3 வேளை. பத்துக்கு மூணுக்கு மேல வலி போகக் கூடாது. அடுத்த நாள் காலையில அளவு முந்தின நாளைவிடக் குறைஞ்சிருந்தா அதிகமா இழுத்துட்டீங்க, பாதியாக் குறைங்க.

வெந்நீர் ஒத்தடம் மூணாம் நாள்ல இருந்தே குடுக்கலாம்ங்கறது என் கருத்து.

கோவை_கா.மூ.தொ.

ஒத்தடம் வேண்டாம். 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரை குழியின் வெள்ளைப் பொருக்கு உதிரும் காலம். இரண்டாம் கட்ட ரத்தக்கசிவு வருவது பெரும்பாலும் அப்போதுதான். தாடைக்கு வெளியே வைக்கும் சூடு உள்ளே ரத்தத்தை வரவழைக்கும் என்று உறுதியாக நிரூபித்துக் காட்டச் சொன்னால் முடியாது. ஆனால் இரண்டு வாரம் பொறுப்பதால் யாருக்கும் நட்டம் இல்லை.

நொய்யல்_பிசியோ

சரிங்க, விட்டுக்கொடுக்கறேன். ரெண்டு வாரத்துக்கு ஒத்தடத்துக்குப் பதிலா தடவல். கன்னத்தின் மெல்லும் தசை மேல, பல்லைக் கடிச்சா பொடைச்சுக்கிட்டு வருமே அந்த இடத்துல, ரெண்டு விரலால வட்டமா 1 நிமிஷம். தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு வழுக்கறதுக்கு மட்டும். தாடைக்குக் கீழ, கழுத்துப் பக்கம் இறங்கக் கூடாது. 15ஆம் நாளுக்கு மேல இளஞ்சூட்டுத் துணி 10 நிமிஷம், அது முடிஞ்ச கையோட பயிற்சி.

திருப்பூர்_சிஸ்டர்

சாப்பாட்டுல ரெண்டு கட்சி இருக்குதுங்க. “நல்லா மென்னு சாப்பிடு, அப்பத்தான் தொண்டை ஆறும்”னு டாக்டர் சொல்றாரு. தாடை வலின்னு பல் டாக்டர்கிட்டப் போனா “மெல்லவே கூடாது, கஞ்சி குடி”ங்கறாங்க. சீட்டுல எதைப் போடறது?

பவானி_தாடைச்சீர்

இரண்டு பேரும் அவரவர் உறுப்பைப் பார்த்துச் சொல்கிறார்கள். தொண்டைக்குத் தேவை அடிக்கடி விழுங்குவது. மூட்டுக்குக் கூடாதது அகலத் திறப்பதும் கடினமாக, நீண்ட நேரம் மெல்வதும். இரண்டும் மோதவில்லை. சின்ன உருண்டை, இரு பக்கமும் மாற்றி மென்மையாக மெல்லுதல், அடிக்கடி தண்ணீர். முதல் நாளிலிருந்தே மெல்லலாம், மெல்வது என்னவென்பதுதான் கேள்வி. சூயிங்கம் வேண்டாம். அரை மணி நேரம் ஓயாமல் அசைபோட்டால் களைத்த மூட்டு இன்னும் களைக்கும்.

நம் பக்கத்துச் சாப்பாடே இதற்குத் தோதானது. ஆறிய சந்தகை தேங்காய்ப்பாலோடு, குழைய வடித்த அரிசிம்பருப்பு, கம்மங்கூழ், ராகிக் கூழ், இட்லியைப் பாலில் பிசைந்து, நுங்கு. காரமும் புளியும் குழியில் எரியும் என்பதால் ரசம் இரண்டாம் வாரம். தள்ளிவைக்க வேண்டியவை முறுக்கு, வறுத்த கடலை, கரும்பு, சோளக்கதிர், ஆட்டுக்கறி எலும்பு. கொய்யாவை முழுசாகக் கடிக்காமல், கனிந்ததாகப் பார்த்து 1 செ.மீ. துண்டாக நறுக்க வேண்டும். தாடை தொல்லை இருப்பவருக்கு இந்தப் பட்டியல் ஆறு வாரம்.

இன்னொரு விஷயம், எண்ணெய் கொப்பளிப்பது. இருபது நிமிடம் கன்னத்தையும் தாடையையும் ஓயாமல் ஆட்டுகிற வேலை அது. ஆறாத குழியில் வேகமாகக் கொப்பளிப்பதே தவறு, மூட்டு வலியும் இருந்தால் இரட்டைத் தவறு.

பெருந்துறை_ஓ.டி.

மாத்திரைப் பக்கத்தையும் பார்த்துக்குங்க சிஸ்டர். தொண்டைக்குப் பாராசிட்டமால் எழுதியிருப்பாங்க. தாடை வலிக்குதுன்னு மெடிக்கல்ல கேட்டா வலி மாத்திரையும் பாராசிட்டமாலும் சேர்ந்த கூட்டு மாத்திரை குடுப்பாங்க. ரெண்டும் போட்டா பாராசிட்டமால் டபுளாகுது. பெரியவங்களுக்கு ஒரு நாள் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது, எடை குறைஞ்சவங்களுக்கு இன்னும் கம்மி.

குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நாலு வேளைக்கு மேல இல்லை. சிரப்புல ரெண்டு வலு இருக்கு: 5 மி.லி.யில் 120 மி.கி., 5 மி.லி.யில் 250 மி.கி. 20 கிலோ குழந்தைக்கு 300 மி.கி. வேணும். முதல் பாட்டில்னா 12.5 மி.லி., ரெண்டாவதுன்னா 6 மி.லி. பாட்டில் மாறினா அளவு ரெண்டு மடங்காப் போயிரும். சீட்டுல மி.லி. மட்டும் எழுதாதீங்க, வலுவையும் சேர்த்து எழுதுங்க. ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தம் உறையறதைக் கெடுக்கும். டான்சில் ஆபரேஷனுக்கு அப்புறம் ட்ரமடால், கோடீன் 18 வயசுக்குக் கீழ கிடையாது. சில குழந்தைங்க உடம்பு அதை வேகமா மாத்தி மூச்சையே அமுக்கிரும்.

ஈரோடு_டியூட்டி

வாய் திறந்தபடியே மூட முடியாம நிக்கிற கேஸ் வார்டுக்கு வந்தா செய்முறை என்ன? சீக்கிரம் செய்யணும்னு மட்டும் தெரியும்.

பவானி_தாடைச்சீர்

முதலில் உறுதி செய்யுங்கள். இரு பக்கமும் இறங்கியிருந்தால் மோவாய் முன்னால் துருத்தி, வாய் மூடாமல், காதுமடல் முன்னால் குழி விழுந்திருக்கும். ஒரு பக்கம் மட்டுமென்றால் மோவாய் நல்ல பக்கம் கோணும். (வட்டு அடைப்பில் பழுதான பக்கம் கோணும் என்று மேலே சொன்னேன். இங்கே நேர் எதிர். குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அடிபட்டிருந்தால் எக்ஸ்ரே இல்லாமல் தொடக் கூடாது.

நோயாளியைத் தாழ்வான நாற்காலியில் உட்காரவைத்து, தலை சுவரில் சாய்ந்திருக்கட்டும். செய்பவரின் முழங்கை நோயாளியின் தாடை உயரத்தில். கட்டைவிரல்களுக்குக் காஸ் துணி தடிமனாகச் சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்க எலும்பு விளிம்பில் வைக்க வேண்டும்; பல்லின் மேலேயே வைத்தால் மூட்டு ஏறும் வேகத்தில் விரல் கடிபடும். மற்ற விரல்கள் தாடைக்கு அடியில். முதலில் கீழே, பிறகு பின்னால். பலர் தோற்பது நேராகப் பின்னால் தள்ளுவதால்தான். குமிழ் மேட்டுக்கு முன்னால் மாட்டி நிற்கிறது, இறக்கினால்தான் மேட்டைத் தாண்டும். திடீர் வெட்டு கூடாது. ஒரே சீரான அழுத்தம், தசை களைத்து இளகும் வரை. இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஏறாவிட்டால் ஒன்றை ஏற்றி, பிறகு மற்றதை. நேரம் ஆக ஆகத் தசை இறுகும், அப்போது தூக்க ஊசி வேண்டிவரும். புது டான்சில் குழி இருப்பவருக்கு முரட்டு முயற்சி செய்ய வேண்டாம். ஒருமுறை பார்த்து, ஏறவில்லை என்றால் மயக்கவியலாரைக் கூப்பிடுங்கள்.

ஏறிய பிறகு மூன்று வாரம் இரண்டு விரலுக்கு மேல் திறக்கக் கூடாது. முதல் சில நாள் தலையைச் சுற்றி மோவாய்க்குத் துணிக்கட்டு. வாந்தி வரும் நிலையில் இருப்பவருக்கு அந்தக் கட்டும் வேண்டாம்.

இது பழகியவர் செய்வது. வீட்டில் யாரும் முயலக் கூடாது, சுளுக்கு எடுப்பவரிடமும் போகக் கூடாது. திருச்செங்கோடு, ஈரோடு, கோவைப் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகளிலேயே தாடைச் சீரமைப்புப் பிரிவு இருக்கிறது.

சேலம்_விழுங்கல்

ஒரு சேதி விட்டுப்போச்சு. தொண்டை ஆபரேஷன்னா டான்சில் மட்டும் இல்லையே. புற்றுக்காக டான்சில், நாக்கடி, கடைவாய்ப் பக்கம் எடுத்து, கூட கதிர்வீச்சும் வாங்கினவங்களுக்கு இதே சீட்டைக் கொடுத்தீங்கன்னா அநியாயம். டான்சில்காரருக்குப் பொறுமை மருந்து; இவங்களுக்குப் பொறுமை விஷம். கதிர் பட்ட மெல்லும் தசை நாரா மாறி இறுகும், கதிர் முடிஞ்சு முதல் ஒன்பது மாசம் இறுகிக்கிட்டே போகும். 60 கிரேக்கு (கிரேங்கறது கதிர் அளவோட அலகு) மேல வாங்கின தசைன்னா இன்னும் மோசம். வலி இல்லைங்கறதால ஆளுக்கே தெரியாது. ஒரு நாள் கரண்டி உள்ள போகாது, அன்னைக்குத்தான் வருவாங்க.

இவங்களுக்குப் பயிற்சி கதிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். நாளைக்கு 7 வேளை, வேளைக்கு 7 நீட்டல், ஒவ்வொண்ணும் 7 செகண்ட். இதுக்குன்னு வெளிநாட்டுக் கருவி இருக்கு, விலை அதிகம். ஐஸ் குச்சியே போதும். பத்துக் குச்சியை அடுக்கி ஸ்கேல்ல அளந்து பத்தால வகுத்தா ஒரு குச்சியோட கனம் தெரியும், சாதாரணமா 2 மி.மீ. பக்கம் வரும். இப்ப வாய்க்குள்ள போற அளவுக்கு அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, முன்பல்லுல வைக்காம கடைவாய்க்குக் கொஞ்சம் முன்னால வைக்கணும். முன்பல் ஆடும்னா அதுல சுமை ஏத்தக் கூடாது. ஒரு குச்சி கூட்டறதை நடுவுல சொருகணும், ஓரத்துல சொருகினா ஈறு கிழியும். குச்சி ஒருத்தருக்கு ஒரு கட்டு, தினம் மாத்தணும்.

பல்லு பிடுங்கணும்னா கதிருக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பிடுங்கி ஆறவிடணும். கதிர் வாங்கின தாடையில பிடுங்கினா எலும்பு ஆறாம அழுகலாம், அது வருஷங்கள் கழிச்சும் நடக்கும்.

பாக்கு போடற பழக்கம் இருந்தவங்கன்னா கன்னத்தை உள்ள தடவிப் பாருங்க. வெளுத்து, கயிறு மாதிரி பட்டை தட்டுப்பட்டா ஆபரேஷனுக்கு முன்னாடியே வாய் இறுக ஆரம்பிச்சிருக்கு. அதுக்குப் பேர் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ். அந்த வாயில குழாய் போடறதும் கஷ்டம், கேக் வைக்கறதும் கஷ்டம்.

பெருந்துறை_ஓ.டி.

அதுக்குத்தானுங்க முந்தின நாள் அளவு கேட்டேன். 25 மி.மீ.ன்னு மேசையில படுத்த பிறகு தெரிஞ்சா எல்லாருக்கும் வேர்க்கும்.

ஈரோடு_டியூட்டி

ஆறு மாசம் ஆகியும் தொண்டையில முள்ளு குத்தின மாதிரி, தலை திருப்பினா காது வரைக்கும் வலின்னு வர்றவங்க? அளவு 42, மூட்டு சுத்தம்.

கோவை_கா.மூ.தொ.

டான்சில் குழியை விரலால் தடவுங்கள். உள்ளே கூரான எலும்பு தட்டுப்பட்டு, அதை அழுத்தியதும் அதே வலி வந்தால் நீண்ட ஸ்டைலாய்டு எலும்பு (காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து இறங்கும் ஊசி போன்ற எலும்பு). வழக்கமாக 2.5 முதல் 3 செ.மீ. நீளம். அதைத் தாண்டினால் தொல்லை தரலாம், எல்லோருக்கும் தராது. 1937இல் வாட் ஈகிள் என்ற அமெரிக்க மருத்துவர் இதை விவரித்தபோதே டான்சில் அறுவையோடு தொடர்புபடுத்தினார். சி.டி.யில் அளக்கலாம். மாதக்கணக்கில் தாடைக்கு ஸ்பிளின்ட் (பல் மேல் மாட்டும் தகடு) போட்டும் தீராத வலி சிலசமயம் இதுவாக இருக்கும்.

திருப்பூர்_சிஸ்டர்

மூட்டுதான்னு தெரிஞ்சா எவ்வளவு நாள் பயிற்சியிலயே ஓட்டலாம்?

பவானி_தாடைச்சீர்

வலி மட்டும், திறப்பு 35க்கு மேல், வாரா வாரம் முன்னேற்றம் என்றால் ஆறு வாரம் பயிற்சியும் மென்மையான சாப்பாடும். இரவில் பல் கடிப்பவர் என்றால் கெட்டி அக்ரிலிக் ஸ்பிளின்ட், இரவு மட்டும், பல் முழுவதையும் மூடுவதாக. கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மிருதுவான ரப்பர் வகை சிலருக்கு இன்னும் கடிக்கத் தூண்டும்.

30க்குக் கீழ், கெட்டியாக முட்டி நிற்கிறது, இரண்டு மூன்று வாரமாக அசையவில்லை என்றால் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் வட்டு தெரியும். ஓ.பி.ஜி. (தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே) எலும்பை மட்டும் காட்டும், அது இயல்பாக இருந்தால் மூட்டு நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. அடுத்த படி மூட்டைக் கழுவுவது: மேல் அறைக்குள் இரண்டு ஊசி, ஒன்றில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் உள்ளே, மற்றதில் வெளியே, 100 மி.லி. அல்லது அதற்கு மேல். மரத்துப்போகும் ஊசியிலேயே செய்யலாம். 1991இலிருந்து வழக்கத்தில் உள்ள முறை. பூட்டு புதிதாக இருக்கும்போது இதற்குப் பலன் அதிகம். கழுவிய அன்றே பயிற்சி தொடங்காவிட்டால் கழுவியது வீண்.

திருப்பூர்_சிஸ்டர்

இவ்வளவையும் வச்சு எழுதிப் பார்த்தேனுங்க. திருத்துங்க.

“வாய் திறப்பு: ஆபரேஷனுக்கு முன் ___ மி.மீ. வீடு போகும்போது ___ மி.மீ. தினம் காலையில் அளந்து எழுதவும். திறப்பு கூடிக்கொண்டு வந்து மறுபடி குறைந்தால், காய்ச்சல், எச்சில் வடிதல், குரல் மாற்றம், கழுத்து வீக்கம், கழுத்துத் திருப்ப முடியாமை, வாய் மூட முடியாமை — இதில் ஒன்று இருந்தாலும் அன்றே வரவும், இரவானாலும். கொட்டாவி வந்தால் நாக்கை ‘ன’ இடத்தில் வைக்கவும். இரண்டு வாரம் வாயை இழுத்து நீட்ட வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், எண்ணெய் கொப்பளிக்க வேண்டாம், தாடையையோ கழுத்தையோ வழிக்கக் கொடுக்க வேண்டாம். மூன்றாம் வாரம் மூன்று விரல் நுழையாவிட்டால் தாடை மருத்துவரிடம் காட்டவும்.”

கோவை_கா.மூ.தொ.

ரத்தம் பற்றிய வரி தனியாக இருக்கிறதுதானே? இருந்தால் சரி. ‘காய்ச்சல்’ என்பதை ‘100.4-க்கு மேல்’ என்று போடுங்கள், இல்லாவிட்டால் கை வைத்துப் பார்த்துவிட்டு வருவார்கள்.

நொய்யல்_பிசியோ

மூணு விரல் யாரோட விரல்னு எழுதலையே அக்கா. நோயாளியோட சொந்த விரல். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணும் ஒட்டி, ஒண்ணு மேல ஒண்ணா நெட்டுக்குத்தா முன்பல்லுக்கு நடுவுல. குழந்தைக்கு அம்மா விரலை வைக்கக் கூடாது, குழந்தை விரல்தான். முன்பல் இல்லாத பெரியவங்களுக்கு ஈறுல இருந்து ஈறு அளக்கணும். அது பல் அளவைவிட ரொம்ப அதிகமா வரும், அதனால ‘ஈறு’ன்னு பக்கத்துல எழுதி வைங்க, இல்லைன்னா அடுத்த ஆள் நல்லாத் திறக்குதுன்னு நினைச்சுக்குவாரு.

சேலம்_விழுங்கல்

சீட்டு ஓரத்துலயே 0லிருந்து 60 மி.மீ. வரைக்கும் ஒரு ஸ்கேல் அச்சடிச்சுருங்க, வெட்டி எடுத்து வாயில வச்சு அளந்துக்கலாம். 0 கோடு காகித விளிம்புலயே தொடங்கணும், உள்ள தள்ளி இருந்தா அளவு தப்பும்.

பெருந்துறை_ஓ.டி.

அப்புறம் ஜெராக்ஸ் எடுக்கறவர்கிட்டச் சொல்லி வைங்க சிஸ்டர், 100 சதவீதத்துலயே எடுக்கணும். ‘பக்கத்துக்குப் பொருத்து’ன்னு போட்டா ஸ்கேல் சுருங்கி, 35 திறக்கிற வாய் சீட்டுல 38ன்னு காட்டும்.